ஊர்வலத்தை மறித்த வீட்டுவண்டி

சாண்டர்ஸ்வில் ஊரில் டார்வர்கள் இரண்டு வகையறா. வெள்ளைக் களிமண் குழியில் வேலை பார்த்தவர்கள் ஒரு வகை, பெத்தானியா சபையில் மணியடித்தவர்கள் இன்னொரு வகை. ஹொரேஸ் டார்வருக்கு அப்பா குழிக்காரர், அம்மா மணிக்காரரின் கடைசி மகள். இரண்டு பக்கமும் டார்வர் என்பதால் மூன்று தலைமுறையை எண்ணிப் பார்த்து, ஒட்டுறவு இல்லை என்று உறுதியான பிறகுதான் அந்தக் கல்யாணத்தையே பேசினார்களாம். குழிக்காரர்களின் பிடிவாதமும் மணிக்காரர்களின் நாக்கும் ஹொரேஸுக்கு ஒருசேர வந்துவிட்டன என்று ஊரில் சொல்வார்கள்.

முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த பித்தளைத் தகட்டை முன்னறைச் சுவரில், ஆண்டவர் படத்துக்குக் கொஞ்சம் கீழே, அடித்து வைத்திருந்தார். "வெளிய வர வழி தெரியாத இடத்துக்குள்ள வண்டியை விடாத" என்பது புதிதாக வேலைக்கு வரும் ஓட்டுநர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம். வழியில் யாருடைய அடக்க ஊர்வலமாவது எதிர்ப்பட்டால் பேருந்தை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அறுபத்தாறு பிள்ளைகளையும் தொப்பியைக் கழற்ற வைப்பார். சபையிலும் அவர் டீக்கன், போதகருக்குத் துணைநிற்கும் மூத்தவர். நூறு சாவுக்காவது பெட்டிக்கு முன்னால் நடந்திருப்பார்.

அவர் மனைவி வெர்டெல் பக்கத்து ஊரான டெனிலில் பிறந்தவள். ரயில் பாதையில் வேலை பார்த்த ஓடம் என்ற குடும்பத்துப் பெண். அவளுடைய சின்னத்தையை ஹொரேஸின் சித்தப்பா கட்டியிருந்ததால் சிறுவயதிலிருந்தே பழக்கம். இருபத்தேழு வருஷம் நாட்டுப்புறத்துக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெயர்ப்பலகை இல்லாத மண்சாலை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எந்தப் பாலம் மழைக்குத் தாங்காது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள். ஒரு கடிதம் தப்பான பெட்டியில் விழுந்தது என்று அவள்மேல் ஒரு புகார் வந்ததில்லை. அவளுக்குத் தகடு எதுவும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஓய்வுப் பணம் வர ஆரம்பித்த பிறகு ஒரு பழைய வீட்டுவண்டி வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற நீள வண்டி. பின்னால் ஒரு சின்னக் காரை இரும்புச் சட்டத்தில் பூட்டி இழுத்துப் போகலாம். முடிவெட்டுகிற ரூபஸ் கடை வாசலுக்கு வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோழிக்கூண்டுக்கு எஞ்சின் வெச்ச மாதிரி இருக்குது டீக்கன்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹொரேஸுக்குச் சுருக்கென்றது. சவான்னா நகரத்தில் பாசி தொங்கும் ஓக் மரத்தடியில் இதை நிறுத்திப் படமெடுத்து வருகிறேன், அதை உன் கண்ணாடியில் செருகி வை, அப்புறம் சொல் கோழிக்கூண்டா அரண்மனையா என்று, என்றார். அங்கேதான் சனி பிடித்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாதம். சவான்னாவுக்கு வெளியே ஒரு தீவில், வீட்டுவண்டிகள் நிறுத்தும் முகாமில் நான்கு நாள் தங்கினார்கள். ஆற்றங்கரையையும் சதுக்கங்களையும் சின்னக் காரில் போய்ப் பார்த்தார்கள். வெர்டெல் வயிறாரச் சிவப்புச் சோறும் நண்டும் சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் சனிக்கிழமை காலையில் முகாமைக் காலி செய்யும்போதுதான் ஹொரேஸுக்குப் படம் எடுக்காதது ஞாபகம் வந்தது. பழைய நகரத்துக்குள் இதைக் கொண்டுபோகாதீர்கள் என்று முகாமைக் கவனிக்கும் பெண்மணி முதல் நாளே சொல்லியிருந்தாள். நாற்பதடி பேருந்தைப் பனி உறைந்த சாலையிலும் ஓட்டியவன் நான் என்று ஹொரேஸ் அவளிடம் சொல்லியிருந்தார். சாண்டர்ஸ்வில்லில் பனி விழுந்ததே ஆயுசுக்கு நாலு தடவை.

போவதுதான் போகிறோம், காரையாவது அவிழ்த்துவிடு, நான் பின்னால் ஓட்டி வருகிறேன் என்றாள் வெர்டெல். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு: காரைப் பூட்டியிருக்கும்போது வண்டி முன்னால்தான் போகும், பின்னால் எடுக்க முடியாது. எடுத்தால் காரின் சக்கரம் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு சட்டம் இறுகிவிடும். ஆனால் அவிழ்ப்பதற்குக் குனிய வேண்டும். ஹொரேஸின் முழங்கால் அன்று ஒத்துழைக்கவில்லை. பத்து நிமிஷப் படத்துக்கு எதற்கு அந்தப் பாடு என்று அப்படியே கிளப்பினார்.

அகலமான தெருவில் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருந்தது. வெர்டெல் வரைபடத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். வலப்பக்கம் ஒரு குறுகிய தெரு வந்தது. அதன் பாதியில், ஓரமாக ஒரு பெரிய ஓக் மரம், கிளையெல்லாம் சாம்பல் நிறப் பாசி தொங்க, படத்துக்கென்றே வளர்ந்ததுபோல நின்றது.

"ஹொரேஸ், இங்க திரும்பாத. நேராப் போ, அடுத்தது அகலம்."

"பாசி இங்கதான் நல்லாத் தொங்குது."

"கிளை தாழ்ந்து கெடக்கு. நம்ம உசரம் பன்னெண்டடி. வேணாம்னு சொல்றேன்ல."

சொன்னது மட்டுமில்லை, முன்கண்ணாடிக்குக் குறுக்கே கையை நீட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். அந்தக் கை கண்ணை மறைக்கிறது என்று ஹொரேஸ் அதைத் தள்ளிவிட்டுத் திருப்பினார்.

பாதித் தெரு போனதும் கிளை முன்னால் வந்து நின்றது. ஒரு சாண் நகர்ந்தால் கூரையைப் பிய்த்துவிடும். அதற்குப் பிறகுதான் அவர் இடப்பக்கம் பார்த்தார். செங்கல் ஆலயம். வாசலில் கறுப்பு அமரர் ஊர்தி. அதன் பின்னால் விளக்குப் போட்ட கார்கள், தெருமுனைவரை. அவருடைய வண்டி அந்த ஊர்திக்குப் பக்கத்தில், அது வெளியேற ஒரே வழியில், சுவர் எழுப்பியதுபோல நின்றது.

பதறிப்போய்ப் பின்கியரைப் போட்டார். முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்களுக்குப் பாடம் சொன்ன மனிதர், பின்னால் கார் பூட்டியிருப்பதை மறந்தார். வண்டி பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் ஆலயக் கதவு திறந்தது. உள்ளே பாட்டு முடிந்து, ஆறு பேர் வெள்ளைக் கையுறையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கு வந்தார்கள். பீப் பீப் என்ற சத்தம் அவர்களை வரவேற்றது. பின்னால் கார் முறுக்கிக்கொண்டு க்றீச்சென்றது. ஹொரேஸ் எஞ்சினை அணைத்தார். 

வாசல் தாண்டிய பெட்டியை மறுபடி உள்ளே கொண்டுபோக அந்த வீட்டாருக்கு மனம் வராது. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். ஆகவே ஆறு பேரும் படியிலேயே, மே மாத வெயிலில், பெட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். விதவை கறுப்பு முக்காட்டோடு பின்னால் நின்றாள். இருநூறு பேர் வண்டியைப் பார்த்தார்கள். அதன் பக்கவாட்டில் நீல எழுத்தில் 'டார்வர் குடும்பம், சாண்டர்ஸ்வில், ஜார்ஜியா' என்று இரண்டடி உயரத்துக்கு எழுதியிருந்தது. எழுதச் சொன்னவர் ஹொரேஸ்தான்.

அவர் கீழே இறங்குவதற்குள் வெர்டெல் இறங்கிப் பின்னால் போய், நல்ல பாவாடையோடு தெருவில் மண்டியிட்டு, சட்டத்தைப் பூட்டும் முளையைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுகிப் போயிருந்தது. பெட்டியைத் தூக்கியவர்களில் நான்கு பேர் தோளை மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தார்கள். கையுறையைக் கழற்றவும் நேரமில்லை. அப்படியே காரின் பின்பக்கத்தையும் சட்டத்தையும் பிடித்தார்கள்.

அடக்கத்தை நடத்துகிற ஃபுல்வுட் அம்மா ஹொரேஸிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஐயா, இந்தத் தெருவுக்குள்ள எப்படி வந்தீங்க?"

அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. டையும் கோட்டுமாக, அவர் வயசுக்காரர்கள், அவரைப் போலவே டீக்கன்மார். எல்லோர் கண்ணும் அவர் முகத்தில் இருந்தது. ஹொரேஸின் நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது.

"என் வீட்டுக்காரிங்கம்மா. மேப்பைத் தப்பாப் படிச்சுட்டா. அவ திருப்பச் சொன்னா, திருப்பிட்டேன்."

வெர்டெல் எட்டடி தூரத்தில் இருந்தாள். முளையைப் பிடித்திருந்த அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி முளையை ஆட்டத் தொடங்கினாள். கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். "பாவம், பொம்பளை என்ன பண்ணுவா" என்று ஒருவர் சொன்னார். இருபத்தேழு வருஷம் ஒரு கடிதத்தையும் தப்பாகப் போடாதவளைப் பற்றி.

முளை கழன்றது. அவள் காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஊர்வலத்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் கை காட்ட, ஹொரேஸ் வண்டியை அடியடியாகப் பின்னெடுத்தார். வண்டி தெருவை விட்டு வெளியேற இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அந்த நான்கு பேரும் திரும்பிப் போய்ப் பெட்டியை வாங்கினார்கள். வாங்குமுன் கையுறையைப் பார்த்தார்கள். கறுப்பு மசகு அப்பியிருந்தது. கழற்றிப் படியோரம் போட்டுவிட்டு, வெறுங்கையால் பிடித்து ஊர்தியில் ஏற்றினார்கள்.

ஊர்வலம் கிளம்பியபோது ஹொரேஸ் தெருமுனையில் தொப்பியை நெஞ்சில் வைத்து நின்றார். விதவை இருந்த கார் அவர் பக்கத்தில் வந்ததும் நின்றது. கண்ணாடி இறங்கியது. எண்பதை நெருங்கிய முகம். இசோலா பொலைட் என்று பெயர், அதை அவர் பிற்பாடுதான் தெரிந்துகொண்டார்.

"ஐயா, ஒங்க சம்சாரத்தைத் திட்டாதீங்க. கல்லறைக்குப் போய்ட்டு வந்துர்றோம். ஆலயத்துக்குக் கீழ ஹால்ல சாப்பாடு இருக்கு. பசியோட ஊரு திரும்பாதீங்க."

கார் போய்விட்டது.

ஹொரேஸுக்கு அங்கே நிற்கத் தரையில்லை. வெர்டெல் காரைச் சதுக்கத்தின் ஓரம் நிறுத்திவிட்டு வந்தபோது, நெடுஞ்சாலைக்குப் போய்விடுவோம், வழியில் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். அவள் ஆலயப் படிக்குப் போய், அங்கே கிடந்த கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். எட்டு இருந்தன.

"புருஷனைப் புதைக்கப் போற பொம்பளை சாப்பிடக் கூப்பிட்டிருக்கா. நீங்க போறதுன்னாப் போங்க டீக்கன். நான் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்."

கல்யாணமான நாற்பத்து நாலு வருஷத்தில் அவள் அவரை டீக்கன் என்று கூப்பிட்டது, இதையும் சேர்த்து, இரண்டே முறை. முதல் முறை, அவர் தன் தம்பியின் கடனுக்கு அவளைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டபோது. அப்போது ஆறு வாரம் பேசவில்லை. அதனால் ஹொரேஸ் மறுவார்த்தை பேசாமல் வண்டியை அகலமான ரோட்டில் நிறுத்திவிட்டு, ஹாலுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தார். வெர்டெல் நேரே சமையலறைக்குப் போய், கேட்காமலே கத்தியை எடுத்து ரொட்டியை வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஊர்வலம் போனவர்கள் திரும்பினார்கள். பொரித்த கோழி, சிவப்புச் சோறு, வெண்ணெய்ப் பயறு, அடுக்கடுக்காகக் கேக், வாளி வாளியாகச் சர்க்கரைத் தேநீர். யாரும் ஹொரேஸை முறைக்கவில்லை. அவர் தட்டில் வந்தவரெல்லாம் ஏதாவது வைத்தார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெர்டெலையும் இழுத்து வந்து அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

இறந்தவரின் தம்பி லெமுவேல் எதிரே வந்து அமர்ந்து, ஊர், சபை, டீக்கன் பதவி எல்லாம் விசாரித்துக்கொண்டார். அண்ணன் ரான்சம் பொலைட் நகராட்சிக் குப்பை லாரியை இதே சந்துகளில் நாற்பது வருஷம் ஓட்டியவராம். "ரான்சம் இருந்திருந்தா ஒங்க வண்டியை ரெண்டு விரல்ல எடுத்திருப்பான். பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டுச் சிரிச்சிருப்பான், நிச்சயமா" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கண்ணீரும் இருந்தது. ஹொரேஸும் சிரிப்பதுபோல வாயைக் கோணினார்.

அப்புறம் பேச்சு வெர்டெல் பக்கம் திரும்பியது. அவளைத் தேற்றுவதாக நினைத்து ஆளுக்கொரு கதை சொன்னார்கள். என் பெண்டாட்டி வழி சொல்லி ஃப்ளோரிடாவுக்கே போய்விட்டேன் என்றார் ஒருவர். மேப்பை மடிக்கத் தெரிந்த பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை என்றார் இன்னொருவர். வெர்டெல் ஒவ்வொன்றுக்கும், ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினாள்.

"நீ என்ன வேலை பார்த்தே தங்கச்சி?" என்று லெமுவேல் கேட்டார்.

வெர்டெல் தேநீரை ஒரு வாய் குடித்தாள். ஹொரேஸ் மேசை விரிப்பைப் பார்த்தார்.

"தபால் கொண்டு போவேன். இருபத்தேழு வருஷம்."

 ஹாலே அதிர்ந்தது. தபால்காரியே வழி தப்பினால் ஊர் என்ன ஆகும், எங்கள் பாட்டன் காலத்துக் கடிதமெல்லாம் இன்னும் வந்து சேராதது இதனால்தானா என்று மேசைக்கு மேசை போனது அந்தக் கேலி. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் கிடையாது. சாவு வீட்டில் சிரிக்க ஏதாவது அகப்பட்டால் ஜனங்கள் விடுவார்களா? வெர்டெலும் சிரித்தாள். அவள் கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. அதைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஹாலில் ஹொரேஸ்தான். 

இறந்தவரைப் பற்றி ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லும் நேரம் வந்தது. மைக் கைமாறி வந்தது. சாண்டர்ஸ்வில் டீக்கன் ஒருவர் நம்மோடு இருக்கிறார், அவரும் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று ஃபுல்வுட் அம்மா அதை அவர் கையில் கொடுத்தாள். ஹொரேஸ் எழுந்தார். இப்போதே சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தார். அது சத்தியம். ஆனால் மைக் கையில் வந்ததும் மணிக்கார டார்வர்களின் நாக்கு முந்திக்கொண்டது. முகமறியாத ரான்சம் பொலைட்டுக்காக ஒரு ஜெபம் புறப்பட்டது. நதியைக் கடக்கிறவனைப் பற்றி, சுமையை இறக்கிவைக்கிறவனைப் பற்றி, விடியுமுன் ஊரைச் சுத்தம் செய்த கைகளைப் பற்றி. ஆமென், ஆமென் என்று ஹால் கூடவே வந்தது. கிழவர்கள் கைக்குட்டை எடுத்தார்கள். முடித்து உட்கார்ந்தபோது நாலு பேர் முதுகில் தட்டினார்கள்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஜெபத்தின் நடுவிலேயே வெர்டெல் எழுந்து போயிருந்தாள்.

மனுஷனுக்கு வெட்கம் வந்தால் காது சுடும் என்பார்கள். ஹொரேஸுக்கு உள்ளங்கால் சுட்டது. பாராட்டுக்கு வந்த கைகளை விலக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அங்கே வெர்டெல் தொட்டியில் அந்த எட்டுக் கையுறைகளையும் சோப்பு நுரையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இசோலா அம்மாள் முக்காட்டை எடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை ஒரு பால் பெட்டியின்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வேறு இரண்டு பெண்கள் பாத்திரம் துடைத்தார்கள். ஹொரேஸ் வாசலில் நின்றார். இங்கே மைக் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அம்மா," என்றார் கடைசியில். "இவ மேப்பைத் தப்பாப் படிக்கலை. திரும்பாதன்னு ரெண்டு தரம் சொன்னா. நான்தான் திருப்பினேன். ஒரு போட்டோவுக்காக. அந்தம்மா கேட்டப்ப... அத்தனை பேர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இவ தலையில போட்டுட்டேன்."

துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். இசோலா அம்மாள் காலை மாற்றி வைத்தாள்.

"தெரியும்."

"அம்மா?"

"பாட்டு முடியறதுக்கு முன்னாலயே நான் கதவோர ஜன்னல்ல நின்னேன். நீங்க திருப்புறப்ப வண்டிக் கண்ணாடிக்குள்ள ஒரு கை வேணாம் வேணாம்னு ஆடுச்சு. அது திருப்பச் சொல்ற கையா? அம்பத்தோரு வருஷம் ரான்சம் பக்கத்துல உக்காந்து நானும் அதே கையைத்தான் ஆட்டினேன். அவரும் பாத்ததில்லை." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களை எதுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்னு நெனச்சீங்க? அவ்வளவு நல்லா ஜெபம் பண்ணினீங்களே டீக்கன். அப்பவும் உண்மை வாயில வரலையே."

 ஹொரேஸ் அறுபத்தொன்பது வயதில், ஒரு சாவு வீட்டுச் சமையலறையில், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்திவைத்த பையனைப் போல நின்றார். வெர்டெல் திரும்பவில்லை. அவள் முதுகைப் பார்த்தே சொன்னார்.

"வெர்டெல், நான் பொய் சொன்னேன். உன்னைப் பத்தி."

அவள் தேய்த்துக்கொண்டிருந்த கையுறையைப் பிழிந்து தட்டில் வைத்தாள். தொட்டியை விட்டு ஒரு எட்டு நகர்ந்து நின்றாள்.

"தேய்" என்றாள்.

அவர் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடக்கித் தேய்த்தார். ஹாலிலிருந்து ஆட்கள் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜெபம் செய்த டீக்கன் தொட்டியில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று பாத்திரம் துடைத்த பெண்கள் அவர்களுக்குச் சொன்னார்கள். பெண்கள் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணியில் ஹாலுக்கே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் தபால்காரி கேலி ஒன்றும் கேட்கவில்லை. லெமுவேல் வந்து, தங்கச்சி, நான் தெரியாமல் வாயை விட்டுவிட்டேன் என்று வெர்டெலிடம் சொன்னார்.  ஹொரேஸ் பக்கம் தட்டை மட்டும் தொட்டியோரம் சத்தமில்லாமல் வைத்தார்.

மசகு போகவில்லை. இன்னும் நல்ல மருந்து போட்டு ஊறவைத்து அனுப்புகிறேன் என்று ஹொரேஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். விலாசத்தை எழுதக் காகிதம் தேடியபோது வெர்டெல் கையை நீட்டினாள். "நான் எழுதிக்கிறேன். நீ எழுதினா அது எங்க போய்ச் சேருமோ." பாத்திரம் துடைத்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ஹொரேஸ் சிரிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது காரைப் பூட்டவே இல்லை. நூற்று நாற்பது மைல் தூரமும் வெர்டெல் அதைத் தனியாக ஓட்டி வந்தாள், அவருக்கு முன்னால். அவள் விளக்கைப் போட்ட இடத்தில் அவர் திரும்பினார்.

ஒரு மாதம் கழித்து பொலைட் குடும்பத்திடமிருந்து நன்றி அட்டை வந்தது. அடக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் அனுப்புவதுதான். உறையின்மேல் வெர்டெல் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ஒரு புகைப்படம். இசோலா அம்மாளின் தங்கை மகள் எடுத்ததாம். பாசி தொங்கும் ஓக் மரம், அதன் கீழே வீட்டுவண்டி, நீல எழுத்தில் டார்வர் குடும்பம், வெயில் நன்றாக விழுந்திருந்தது. ரூபஸிடம் சொன்ன படம் அப்படியே. ஓரத்தில் ஆலயப் படி. அதில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கிற ஆட்கள்.

ஓரத்தை வெட்டிவிட்டால் நல்ல படம். ஹொரேஸ் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வெர்டெல் எதிரே உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கையும் ஆட்டவில்லை. அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முடிவெட்டுக் கடைக்கு நடந்தார்.

இப்போதும் அந்தப் படம் ரூபஸின் கண்ணாடியில், சட்டத்தில் செருகியபடி இருக்கிறது. சனிக்கிழமை கூட்டத்தில் வெளியூர்க்காரர் யாராவது வந்தால் கட்டாயம் கேட்பார்கள். பின்னால என்னங்க, சாவா? ரூபஸ் பதில் சொல்ல மாட்டார். நாற்காலியை ஹொரேஸ் பக்கம் திருப்பிவிடுவார். கழுத்தில் துணி கட்டியபடியே ஹொரேஸ் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லுவார். இரண்டு நிமிஷம்தான். ஜெபம் எதுவும் சேர்க்க மாட்டார்.

"அவ வேணாம்னு கையை ஆட்டினா. நான் திருப்பினேன். அப்புறம் அவதான் திருப்பச் சொன்னான்னு சொன்னேன்."

முன்னறைச் சுவரிலிருந்து பித்தளைத் தகட்டை அவரே கழற்றிவிட்டார். ஆணி அடித்த இரண்டு ஓட்டைகள் இன்னும் அடைக்காமல் கிடக்கின்றன. அடைக்கச் சொல்லி வெர்டெல் இதுவரை கேட்கவில்லை.